பட்டியலில் மூன்றாவது புத்தகம்

(கோடை விடுமுறையின் முடிவில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இந்தக் கோடையில் நான் வாசித்தவை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் பன்னிரண்டு புத்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினேன். இன்று ஜூன் மாதம். அதில் ஐந்து முடிந்திருக்கிறது. ஒன்று பாதியில் நிற்கிறது. ஆறு புத்தகங்களை நான் தொடவே இல்லை. ஆகவே நிறைய வாசித்தவர் என்ற தகுதியில் நான் இங்கே நிற்கவில்லை. அந்தப் பட்டியல் ஏன் மூன்றாவது புத்தகத்தோடு தடம் மாறியது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பட்டியலை நான் எப்படித் தயாரித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கூட்டங்களில், தேநீர்க் கடைப் பேச்சில், யாராவது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னால் நானும் தலையாட்டுவேன். "ஆமா தோழர், முக்கியமான புத்தகம்" என்பேன். வாசித்திருக்க மாட்டேன். அப்படித் தலையாட்டிய புத்தகங்களைத்தான் வரிசையாக எழுதினேன். அது ஆசைப் பட்டியல் இல்லை, கடன் பட்டியல். இங்கே சிலர் சிரிக்கிறீர்கள். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோடையில் வாசிப்பது என்பதே எங்கள் வீட்டுக்குப் புதிது. கடலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கம் ஏப்ரல், மே என்றால் முந்திரிக் காலம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் எங்கள் காலனிப் பிள்ளைகள் முந்திரித் தோப்புக்குப் போவார்கள். என் அம்மா போனார். நானும் இரண்டு வருடம் போயிருக்கிறேன். கொட்டையைத் திருகிப் பிரிக்கும்போது அந்தப் பால் பட்டுக் கை தோல் உரியும். விடுமுறையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிக்கும் குழந்தைகளை நான் பாடப் புத்தகத்துப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது எனக்கு இருபத்தொன்பது வயது, மாதச் சம்பளம் இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு மேல் எனக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் தளம் அடுப்பாகக் கொதிக்கும். ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் விளக்கை இழுத்துக் கட்டிப் படித்தேன். அந்த நேரம் எனக்குக் கிடைக்க இரண்டு தலைமுறை உழைத்திருக்கிறது. அதனால்தான் அதை எதற்குச் செலவழிக்கிறோம் என்பது சாதாரண விஷயமில்லை.

பட்டியலில் முதல் புத்தகம் அண்ணல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. இதை வாசிக்காமலா இத்தனை வருடம் ஜெய்பீம் சொன்னாய் என்று கேட்டால், ஆமாம். மேற்கோள்களாக வாசித்திருந்தேன். போஸ்டரில், டி ஷர்ட்டில், பேச்சாளர்களின் வாயில் வாசித்திருந்தேன். முழுசாக வாசித்ததில்லை.

இது பேசப்படாத ஒரு பேச்சு. 1936இல் லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்பு அமைப்பு தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்தவர்கள், வேதங்களையும் சாஸ்திரங்களையும் பற்றிய பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. அவர் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதங்களில் தீர்ந்துவிட்டன. காந்தி அதற்கு 'ஹரிஜன்' இதழில் விமர்சனம் எழுதியபோது, எட்டணா விலை அதிகம், இரண்டணாவோ நாலணாவோ வைத்திருக்கலாம் என்று குறிப்பிட்டார். அந்த விமர்சனத்தையும் தன் பதிலையும் சேர்த்தே அம்பேத்கர் 1937இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். இங்கே பெரியார் அதைத் தாமதிக்காமல் தமிழாக்கி 'குடி அரசு' வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார். லாகூர் கேட்க மறுத்த பேச்சை ஈரோடு வாசித்தது.

நான் பேச வந்தது அந்த வரலாற்றைப் பற்றி அல்ல, என் பென்சிலைப் பற்றி. எனக்குக் கோடு போட்டுப் படிக்கும் பழக்கம். சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது, அதுவும் ஒருவருக்கு மேல் ஒருவராகப் படி வைத்துப் பிரிக்கிறது என்று அவர் விளக்கும் இடத்தில் அழுத்தமாகக் கோடு போட்டேன். எல்லோரும் ஏதோ ஒரு சாதிக்கு மேலே இருக்கும்படி வைத்திருப்பதால் சாதியை எதிர்த்து எல்லோரையும் திரட்டுவது கடினம் என்கிற இடத்திலும் கோடு. பக்கத்து ஓரத்தில் எங்கள் ஊர்த்தெருவின் ஆதிக்க சாதியின் பெயரை எழுதினேன். எழுதியபோது ஒரு திருப்தி இருந்தது. சரியான ஆளைப் பிடித்துவிட்டேன் என்ற திருப்தி. அந்தப் படிக்கட்டில் நான் நிற்கும் படியிலிருந்து மேலே மட்டும் பார்த்துக் கோடு போட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, அவருடைய 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. சின்னப் புத்தகம், ஒரே நாளில் முடிக்கலாம். லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகனுக்கு அதைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு ஒன்பது வயது. கதையில் வரும் அம்பேத்கருக்கும் ஏறத்தாழ அதே வயது.

உங்களில் பலருக்கு அந்தச் சம்பவம் தெரியும். 1901இல் அண்ணன், அக்கா பிள்ளைகளோடு அப்பாவைப் பார்க்கச் சிறுவர்கள் ரயிலில் போகிறார்கள். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடை உடுத்திய பிள்ளைகள் என்று அன்பாக விசாரித்த நிலைய அதிகாரி, மகார்கள் என்று தெரிந்ததும் முகம் மாறிப் போகிறார். மாட்டு வண்டி யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஒரு வண்டிக்காரர் இரட்டை வாடகைக்கு ஒப்புக்கொள்கிறார். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், தான் கூட நடந்து வருவேன், ஏறி உட்கார்ந்தால் தீட்டு. கையில் சாப்பாடு இருந்தும் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்தப் பிள்ளைகள் இரவைக் கழிக்கிறார்கள்.

அக்கா மகன் தண்ணீரைப் பற்றிக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் வண்டிக்காரரைப் பற்றிக் கேட்டான். "சித்தி, அந்த வண்டிக்காரரு இவங்களவிட ஏழைதானே? அவரு வண்டியில அவரே ஏறாம எதுக்கு நடந்து வந்தாரு?"

நான் பதில் சொன்னேன். தாராளமாகவே சொன்னேன். ஏழையாக இருந்தாலும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவருக்கு அது ஒரு சொத்து மாதிரி, அதை விட மனசு வராது, அதற்காகக் கால் வலிக்க நடக்கவும் செய்வார் என்றேன். அதே புத்தகத்தில் 1929இல் சாலிஸ்காவில் நடந்ததையும் சொன்னேன். வெளிநாட்டில் படித்துப் பட்டம் பெற்ற பாரிஸ்டரை ஏற்றிக்கொண்டு போகக் குதிரை வண்டிக்காரர் மறுத்துவிடுகிறார். அவருக்கு அவமானம் ஆகிவிடக் கூடாதென்று, வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டப் போய், வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கருக்குக் காலில் அடிபடுகிறது. பையன் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் நல்ல சித்தியாக, நல்ல தோழராக விளக்கிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்து மூன்றாவது புத்தகத்தை எடுத்தேன். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994இல் வந்த நாவல். வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரோக்கியம் என்ற பெண், அவள் கணவன் சவுரி, பிள்ளைகள். பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் ஒரே குடும்பம் அது. ஊர்த்தெருவுக்குத் துணி வெளுக்கிறவர்கள் வேறு. காலனிக்கு வெளுக்கிறவர்களைப் புதிரை வண்ணார் என்பார்கள். பிள்ளை பிறந்தால் ஆரோக்கியம் போக வேண்டும், வயசுக்கு வந்தால் போக வேண்டும், சாவு விழுந்தால் போக வேண்டும். தீட்டுத் துணி அவள் வேலை. அறுவடைக் களத்தில் கூலி என்று எதுவும் கிடையாது, பார்த்துப் போடுவதுதான். அந்திக்கு வீடு வீடாகப் போய் இராச்சோறு எடுக்க வேண்டும். போகப் போக லாண்டரி வருகிறது, தையல்காரர் வருகிறார், காலனிக்காரர்கள் மாறுகிறார்கள், ஆரோக்கியத்தின் கையிலிருந்து அந்தச் சோறும் நழுவுகிறது.

அந்த இராச்சோறு எடுக்கும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை.

காரணம் இதுதான். எங்கள் காலனியிலும் ஓர் அம்மா இருந்தார். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இப்போதும் உயிரோடு இருக்கிறார். அப்போது என் அம்மாவைவிடப் பெரியவர். பொழுது சாய்ந்தால் ஒரு அலுமினியக் குண்டானோடு வீட்டின் பின்பக்கம் வந்து நிற்பார். "பாப்பா, சோறு போடுங்க" என்பார். எனக்கு எட்டு வயது இருக்கும். சோறு போடுவது என் வேலை. ஆயா சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பாத்திரம் பாத்திரத்தில் படக் கூடாது, கரண்டியை மேலே தூக்கி ஊற்று. நான் தூக்கி ஊற்றுவேன். சில நாள் குழம்பு அவர் கையில் சிந்தும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த அம்மாவை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். "வா", "நில்லு", "நாளைக்கு வா". எங்கள் தெருவில் வேறு எந்தப் பெரியவரையும் அப்படிக் கூப்பிட்டிருந்தால் அம்மா வாயிலேயே போட்டிருப்பார்.

என் அப்பா கூட்டங்களில் பேசுவார். இரட்டைக் குவளையைப் பற்றி அவர் சொல்லாத கூட்டமில்லை. ஊர்த்தெரு டீக்கடையில் கண்ணாடி டம்ளர் அவர்களுக்கு, தேங்காய்த் தொட்டி நமக்கு, அதிலும் உயரத்திலிருந்து ஊற்றுவான் என்று கையைத் தூக்கிக் காட்டுவார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள். அதே கையைத்தான் எங்கள் வீட்டின் பின்பக்கம் நானும் தூக்கினேன். இருபது வருடமாக இந்த இரண்டு கைகளையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு நாவல் வந்து சேர்த்து வைத்தது.

மறுநாள் ஆயாவிடம் கேட்டேன். "ஏன் ஆயா, அவங்களுக்கு மட்டும் ஏன் தூக்கி ஊத்தச் சொன்ன?"

ஆயா யோசிக்கவே இல்லை. "அது வழக்கம்டீ. நாமதானே அவங்களுக்குச் சோறு போட்டுக் காப்பாத்தினோம்" என்றார்கள்.

தோழர்களே, இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஊர்த்தெருவில் நம்மைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் இது. ஆயா வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் களத்தில் வேலை செய்தவர். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் எங்கள் வீட்டுத் திண்ணைவரை அப்படியே எழுத்து மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அக்கா மகனுக்கு வண்டிக்காரரைப் பற்றி விளக்கினேனே, அந்த வண்டிக்கு அருகே நடந்து வந்தவள் நான்தான். 'சாதி ஒழிப்பு' புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஓரத்தில் எழுதிய ஆதிக்க சாதியின் பெயரை அழிக்கவில்லை. அது சரிதான், அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அதற்குக் கீழே எங்கள் வீட்டு இனிஷியலை எழுதினேன்.

இந்த நாவல் வந்த காலத்தில் தலித் விமர்சகர்கள் சிலரே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களை ஒடுக்குபவர்களாகக் காட்டுகிறது, எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறது என்றார்கள். அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். "உங்களுக்குள்ளேயே சாதி பார்க்கிறீங்களே, அப்புறம் எதுக்கு இட ஒதுக்கீடு" என்று கேட்பவனை நானும் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். அவனுக்குப் பதில் இருக்கிறது. படிக்கட்டைக் கட்டியது நாங்கள் இல்லை. ஒவ்வொரு படியில் இருப்பவனையும் தனக்குக் கீழ்ப்படிக்குக் காவல் வைப்பதுதான் அந்தப் படிக்கட்டின் வேலையே. ஆரோக்கியத்தின் துயரம் சாதி இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல, சாதி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ஆனால் அவனுக்குப் பதில் சொல்வதோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பிரச்சினை. எதிரி கேட்டுவிடுவானே என்று நாம் பேசாமல் இருக்கும்போது, பின்பக்கம் குண்டானோடு நிற்கிறவர் என்ன ஆகிறார்? தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. அதே ஆண்டில்தான் புதிரை வண்ணார் நல வாரியமும் வந்தது. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் எதிர்க்க வேண்டிய கருத்துகளும் இருக்கின்றன, அதைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் உள் ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் "நம்ம ஒற்றுமை குலைஞ்சிடும்" என்று முதலில் சொன்ன ஆட்களில் நானும் ஒருத்தி. யாருடைய ஒற்றுமை, யார் வாய் மூடி இருப்பதால் கிடைக்கும் ஒற்றுமை என்று அன்றைக்கு நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது புத்தகம் பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்தது. கல்லூரியில் சில பக்கங்கள் படித்திருந்தேன், இப்போதுதான் முழுசாக வாசித்தேன். அதில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஓர் இடம். தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார். சிறுமிக்கு அது வேடிக்கையாக இருக்கிறது, சிரிப்பு வருகிறது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னபோதுதான் காரணம் தெரிகிறது. அந்தச் சிரிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. 'கருக்கு' வாசிக்கிற எல்லோரும் அந்தச் சிறுமியின் இடத்தில் நின்றுதான் வாசிப்போம். நானும் அப்படித்தான் நின்றேன், அது என் இடம்தான். ஆனால் மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு வாசித்ததால், பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறவரின் இடத்திலும் நான் நின்றிருக்கிறேன் என்பது கூடவே தெரிந்தது. இரண்டும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழிக்காது.

ஐந்தாவது, சிவகாமியின் 'பழையன கழிதலும்'. காத்தமுத்து என்ற தலித் தலைவர், ஊருக்குள் நியாயம் கேட்கிறவர், வீட்டுக்குள் பெண்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை மகள் கௌரி பார்த்துக்கொண்டே இருக்கிற நாவல். அதற்கும் கண்டனம் வந்தது. சிவகாமி பிறகு 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு புத்தகம் எழுதி, தான் எழுதிய நாவலையே திரும்ப விசாரித்தார். தன் எழுத்தையே கூண்டில் ஏற்றிய அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண் தோழர்கள் இந்த நாவலைத் தங்கள் பட்டியலில் முதலில் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தோடு நின்றுபோனது ஏனென்றால், அதற்கு நடுவே வேறு ஒரு வேலை வந்துவிட்டது.

மே மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். இப்போது காலனியில் இல்லை. பக்கத்து டவுனில் மகனோடு இருக்கிறார். மகன் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக் கொடுக்கிறார். வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். "வாங்க பாப்பா" என்றார். என்னைவிட முப்பத்தைந்து வயது மூத்தவர் எழுந்து நின்று "வாங்க" என்கிறார். உட்காருங்கம்மா என்று நான் சொல்லிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருந்தார். டீ கொடுத்தார். "ஆயா நல்லா இருக்காங்களா" என்று விசாரித்தார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள். அவர் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். அவருக்கு அது சங்கடமாக இருந்தது. எனக்குத்தான் அது தேவைப்பட்டது, அவருக்கு இல்லை. பேச்சை மாற்ற, இப்படி ஒரு நாவல் இருக்கிறது, அதில் ஆரோக்கியம் என்று ஒருவர் வருகிறார் என்று கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். முடிந்ததும் கேட்டார்: "கடைசில அந்தம்மாவுக்குக் கூலி குடுத்தாங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன கதை" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

எத்தனையோ விமர்சனக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பேரன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். சாதிச் சான்றிதழ் இல்லை. புதிரை வண்ணார் பட்டியல் சாதி. ஆனால் குடும்பத்தில் பழைய காகிதங்களில் வெறும் வண்ணார் என்று இருக்கிறது. அப்படி இருந்தால் அது வேறு பட்டியல். பரம்பரையாகக் காலனிக்கு வெளுத்தவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். இது இந்த ஒரு குடும்பத்தின் பிரச்சினை இல்லை, அந்தச் சமூகம் முழுவதும் பல காலமாகச் சொல்லிவரும் பிரச்சினை. அந்த அம்மா சொன்னார்: "மன்னிப்பெல்லாம் எதுக்கு பாப்பா. பையனுக்கு இந்தப் பேப்பர் என்னான்னு கொஞ்சம் பாருங்க."

அவர்கள் யாருக்கு வெளுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் யார்? நாங்கள்தான். எங்கள் காலனிதான். தலைமுறை தலைமுறையாக வேலை வாங்கிய நாங்கள் எழுந்து நின்று, ஆமாம், இவர்கள் எங்களுக்கு வெளுத்தவர்கள், புதிரை வண்ணார்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், விசாரணைக்கு அது ஒரு சாட்சி. இதுவரை அப்படி யாரும் போட்டதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. ஜூன் தொடங்கியதிலிருந்து மூன்று முறை அந்தப் பையனோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறேன். காலனியில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சிலர் போடவில்லை. "இருக்கிற சீட்டுக்கே அடிதடி, இன்னும் ஒரு ஆள எதுக்கு சேர்க்கற" என்று ஒருவர் கேட்டார். அவர் நல்ல மனிதர்தான். ஏப்ரல் 14 அன்று எங்கள் ஊரில் மாலை போடுகிறவர். என் ஆயா கையெழுத்துத் தெரியாதவர், கைரேகை வைத்தார்கள். வைத்துவிட்டு, "அவ நல்லா வெளுப்பா" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழ் இன்னும் வரவில்லை. கல்லூரியில் சேர இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

ஆகவே, தோழர்களே, பூமணியின் 'பிறகு' பாதியில் நிற்கிறது. செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்க்கை அது. அதையும் நான் இனி வேறு மாதிரிதான் வாசிக்க வேண்டியிருக்கும். கே. டானியலின் 'பஞ்சமர்', புலேயின் 'குலாம்கிரி', 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளிவந்த அயோத்திதாசர் சிந்தனைகளின் தடித்த தொகுதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இதற்காக நான் வெட்கப்படவில்லை. வாசிக்காமல் விட்டதைப் பெருமையாகவும் சொல்லவில்லை. அவற்றை வாசிக்கத்தான் போகிறேன்.

இங்கே பெரும்பாலும் இருபது இருபத்திரண்டு வயதுத் தோழர்கள் இருக்கிறீர்கள். பட்டியல் போடும் பழக்கம் உங்களுக்கும் இருக்கிறது. அதனால் மூன்று விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, நீங்கள் பாதிக்கப்பட்டவராக நிற்கும் புத்தகங்களை வாசியுங்கள். அது நமக்குத் தேவை, முதுகு நிமிர அது வேண்டும். ஆனால் பட்டியலில் ஒரு புத்தகமாவது நீங்கள் பதில் சொல்ல வேண்டியவராக நிற்கும் புத்தகமாக இருக்கட்டும். அது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. இடைநிலைச் சாதியில் பிறந்த தோழருக்கு 'கருக்கு' அப்படிப்பட்ட புத்தகம். ஆண்களுக்குச் சிவகாமி. எனக்கு இமையம். எந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது "இது மிகைப்படுத்தல்" என்று உங்களுக்குக் கோபம் வருகிறதோ, அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

இரண்டாவது, சத்தம் போட்டு வாசியுங்கள். சுயமரியாதை இயக்கத்தின் படிப்பகங்களில் எழுத்துத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். நான் தனியாக வாசித்தபோது எனக்குத் தோன்றாத கேள்வியை ஒன்பது வயதுப் பையன் கேட்டான். எழுத்தே தெரியாத ஓர் அம்மா, கூலி கொடுத்தார்களா என்று கேட்டார்.

மூன்றாவது, ஒரு புத்தகம் உங்களை எங்காவது போகச் சொன்னால் போய்விட்டு வாருங்கள். அடுத்த புத்தகம் காத்திருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாதிச் சான்றிதழ் விசாரணைகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் தோழர்கள் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். அந்தப் பையன் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். காகிதங்களைக் கொண்டுவந்திருக்கிறான்.